வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

கேள்வி: 2024-இல் அமெரிக்காவில் வேலையின்மை 4 சதவீத அளவில்தான் இருந்தது. பிறகு ஆளுங்கட்சி ஏன் தோற்றது?

பதில்: காரணங்கள் பல; முதன்மையானது விலைவாசி. 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம், தேர்தல் நேரத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் குறைந்தது விலை ஏறும் வேகம்தான். ஏறிய விலை ஏறியபடியே நின்றது. முட்டைக்கும் வாடகைக்கும் கார் காப்பீட்டுக்கும் பணம் எடுத்து வைப்பவருக்கு அந்தப் புள்ளிவிவரம் என்ன ஆறுதல் தரும்? வேலையிழப்பு சிலரைத் தாக்கும், விலைவாசி எல்லா வீட்டிலும் நுழையும்.

சொந்தச் செலவை மட்டும் பார்த்து மக்கள் வாக்களிப்பதில்லை. நாட்டின் பொருளாதார நிலையையே அவர்கள் அதிகம் எடைபோடுகிறார்கள் என்று கிண்டர், கீவிட் ஆகிய ஆய்வாளர்கள் 1981-இலேயே எழுதினார்கள். 2024-இல் வீட்டுக் கணக்கு, நாட்டுக் கணக்கு இரண்டும் நிலைமை சரியில்லை என்ற ஒரே விடையைச் சொல்வதாகப் பலர் உணர்ந்தார்கள். அதை அறியாமை என்று தள்ளிய நிபுணர்களே தவறு செய்தார்கள் என்பது என் கருத்து.