டப்பாவை மாற்றுமுன் குழந்தையை நோக்குக

பால் குடித்த குழந்தை சிறிது கக்கினாலும், மாலையில் கால்களை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுதாலும், "இந்தப் பால்மாவு இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகின்றனர். மறுநாளே வேறு டப்பா வருகிறது. அடுத்த வாரம் இன்னொன்று. இதற்கிடையே தாய்க்கு இருந்த பாலும் குறையத் தொடங்குகிறது. உண்மையாகவே நோய் இருந்தால், அதுவும் கண்டறியப்படாமல் நாள் கடக்கிறது. ஆதலால், பால்மாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இளந்தாய்மாரும் அவர்களுக்குத் துணைநிற்கும் மாமியார், பாட்டிமாரும் முறையாக அறிந்துகொள்வது நலம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் ஆசிரியப் பயிற்சியில் கற்பிக்கப்படும் நெறி. நாமும் தாய்ப்பாலிலிருந்தே தொடங்குவோம்.

1. தாய்ப்பாலே அளவுகோல்

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் துணை உணவுடன் 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக நல நிறுவனத்தின் பரிந்துரை. 100 மி.லி. தாய்ப்பாலில் ஏறத்தாழ 1 கிராம் புரதமும் 7 கிராம் பால் சர்க்கரையும் உள்ளன. அதே அளவு பசும்பாலில் புரதம் 3 கிராமுக்கு மேல். பால் சர்க்கரை 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கன்றின் வளர்ச்சிக்கு அமைந்த அப்பால், பச்சிளங்குழந்தையின் சிறுநீரகத்திற்குச் சுமை. இரும்புச் சத்தும் அதில் மிகக் குறைவு. ஆகவே ஒரு வயது நிரம்புமுன் பசும்பாலை, நீர் கலந்தேனும், முதன்மை உணவாகக் கொடுத்தல் கூடாது. பசும்பாலின் புரதத்தைக் குறைத்து, சர்க்கரை, கொழுப்பு, இரும்பு, உயிர்ச்சத்து ஆகியவற்றைச் சேர்த்துத் தாய்ப்பாலின் அளவை ஒட்டி அமைத்ததே பால்மாவு.

தாயை இழந்த குழந்தை, தத்தெடுத்த குழந்தை, தாய் சில கடும் மருந்துகளை உட்கொள்ளும் நிலை ஆகியவற்றில் பால்மாவு உயிர் காக்கும். குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கியும் உதவக்கூடும். நம் நாட்டில் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பெற்றது. ஆனால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தை கக்குகிறது, அழுகிறது என்பதற்காக அதை நிறுத்திப் பால்மாவுக்கு மாறுவது, உள்ள நன்மையை விட்டு இல்லாததைத் தேடுவதாகும்.

2. இயல்பு எது, நோய் எது?

பிறந்த குழந்தையின் இரைப்பை சிறிது. அதன் மேல்வாயை மூடும் தசை இன்னும் உறுதிப்படவில்லை. ஆதலால் குடித்த பாலில் ஒரு பகுதி எளிதாக வெளிவருகிறது. இவ்வாறு எதுக்களித்தல் 4 மாத அளவில் மிகுந்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

காரணமின்றி வீறிட்டு அழுதல் மற்றொன்று. நாளொன்றுக்கு 3 மணி நேரத்திற்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்திற்கு மேல் என்று அமெரிக்க மருத்துவர் வெஸ்ஸல் 1954இல் இதற்கு ஓர் அளவு வகுத்தார். ஆறாவது வாரத்தில் உச்சமடையும் இவ்வழுகை மூன்று, நான்கு மாதங்களில் அடங்கும். டப்பாவை மாற்றிய பின் அழுகை நின்றால் புதிய டப்பாவைப் புகழ்கிறோம். நின்றது பலபோது காலத்தின் செயலே.

மலம் பச்சையாக இருப்பதும் பால்மாவில் சேர்த்த இரும்பினால் நேரக்கூடியது. இரும்புச் சத்தால் மலச்சிக்கல் வருமென்று அஞ்சி, இரும்பு குறைந்த வகையை நாடுதல் வேண்டா.

இயல்பா, நோயா என்பதை அறிய நம்பத்தக்க சான்று எடையே. இறங்கிய எடை இரண்டு வாரத்திற்குள் பிறந்தபோது இருந்த அளவுக்கு மீளவேண்டும். ஐந்து மாத அளவில் இருமடங்காக வேண்டும். நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடை ஏறி, முகமலர்ச்சியுடன் இருக்கும் குழந்தை கக்கினாலும் நலமுடையதே.

3. மாவைக் குறை கூறுமுன் கலக்கும் முறையை நோக்குக

வயிற்றுக் கோளாறுகளில் பல, டப்பாவிலிருந்து அல்ல, அடுக்களையிலிருந்து வருகின்றன.

(அ) அளவு: டப்பாவுடன் வரும் கரண்டியையே பயன்படுத்துக, தலைதட்டி அளந்திடுக. முதலில் நீர், பின்னரே மாவு. நீரின் அளவு வகைக்கு வகை மாறும். ஒன்றின் கரண்டி மற்றொன்றுக்கு ஆகாது. மாவு கூடினால் மலச்சிக்கலும் உடலில் உப்பு மிகுதலும் நேரும். விலை கருதி மாவைக் குறைத்தால், வயிறு நிரம்பியும் குழந்தை பட்டினி கிடக்கும்.

(ஆ) வெப்பம்: பால்மாவு முற்றிலும் கிருமியற்றதன்று. குரோனோபாக்டர் என்னும் கொடிய கிருமி அதில் இருக்கக்கூடும். ஆதலால் கொதித்த நீர் 70 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறுமுன், அதாவது அரை மணி நேரத்திற்குள், மாவைக் கலக்குமாறு உலக நல நிறுவனம் 2007இல் வழிகாட்டியது. கலந்தபின் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்த்துப் புகட்டுக.

(இ) காலம்: கலந்த பாலை இரண்டு மணி நேரத்திற்குள் கொடுத்துவிடுக. மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைத்தல் கூடாது.

(ஈ) கலம்: புட்டியின் இடுக்குகளில் பால் தங்கிக் கிருமி வளரும். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையும் சங்கும் கழுவ எளியன. கொதிநீரில் இட்டெடுக்கத் தக்கன. குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தி மெல்லப் புகட்டி, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்க.

இந்நான்கையும் ஒரு வாரம் வழுவாது கடைப்பிடித்தால், மாவை மாற்றும் எண்ணமே பலருக்குத் தோன்றாது.

4. டப்பாக்களின் வகை

பொது வகை: பசும்பாலை அடிப்படையாகக் கொண்டது. நலமுள்ள குழந்தைக்கு இதுவே போதும். 6 மாதம் வரை முதல் நிலை மாவையே வாங்குக.

பால் சர்க்கரை நீக்கிய வகை: கடும் வயிற்றுப்போக்கினால் குடலின் உட்சுவர் புண்பட்டால், பால் சர்க்கரை சில வாரம் செரியாதிருக்கலாம். அப்போது மருத்துவர் சிலருக்கு இதனைத் தருவார். இது தற்காலிகமானது. பிறவியிலேயே பால் சர்க்கரை செரியாத குழந்தை மிக மிக அரிது.

புரதம் நன்கு சிதைக்கப்பட்ட வகை: பசும்பால் புரத ஒவ்வாமைக்கு உரியது. மலத்தில் குருதி, ஓயாத வாந்தி, தோலில் கரப்பான், எடை ஏறாமை ஆகியன அதன் அறிகுறிகள். மருத்துவர் 2 முதல் 4 வாரம் பால் புரதத்தை விலக்கிப் பார்த்து, மீண்டும் கொடுத்து உறுதி செய்வார். அதனினும் கடுமையான நிலைக்கு அமினோ அமில வகை உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையாயின், தாய் பால், தயிர், மோர் போன்றவற்றை மருத்துவர் சொற்படி விலக்கினாலே போதுமாகலாம். பெரும்பாலோர்க்கு இவ்வொவ்வாமை வளர வளர நீங்கிவிடும்.

புரதம் சிறிதளவே சிதைக்கப்பட்ட வகை: வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் டப்பாக்களில் 'இதமானது' என்ற பெயருடன் காணப்படுவன பலவும் இவ்வகையே. ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு இவை உதவா.

கெட்டியாக்கிய வகை: மிகுதியாகக் கக்கி எடை குறையும் குழந்தைக்கு மருத்துவர் தருவது. தாமாக வாங்குதல் தகாது.

சோயா வகை: 6 மாதத்திற்கு உட்பட்ட ஒவ்வாமைக் குழந்தைக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை, பால் ஒவ்வாத சில குழந்தைகளுக்குச் சோயாவும் ஒவ்வாது.

ஆட்டுப்பால் எளிதில் செரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதன் புரதம் பசும்பால் புரதத்தை மிகவும் ஒத்தது. ஆகவே ஒவ்வாமைக்கு அது மாற்றன்று. கழுதைப்பால் புகட்டுதலும், சேனை என்று தேன் தொட்டு வைத்தலும் தவிர்க்கத்தக்கன. ஒரு வயதுக்கு முன் தேன், அரிதாயினும் உயிருக்கு ஊறு செய்யும் நச்சு நோயைத் தரக்கூடும்.

5. நம் இல்லங்களுக்கு ஒரு குறிப்பு

மூளை வளர்ச்சிக்கென்று சேர்க்கும் கொழுப்பு, சில டப்பாக்களில் மீன் எண்ணெயிலிருந்தும் சிலவற்றில் நுண்பாசியிலிருந்தும் பெறப்படுகிறது. நம் நாட்டு டப்பாவில் பச்சைக் குறியைக் காண்க; அயல்நாட்டு டப்பாவில் சேர்மானப் பட்டியலைப் படிக்க. புரதத்தைச் சிதைக்கும் நொதியும் சில வகைகளில் விலங்கினின்று பெறப்படும். ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் மாற்று வகை உண்டா என்று கேட்பது முறை. மாறாக, ஐயத்தின் பேரில் நோயுற்ற குழந்தையின் உணவை நிறுத்துவதும், பாதாம் பாலோ கேழ்வரகுப் பாலோ கொடுத்து ஈடுசெய்ய முயல்வதும் அவ்வுயிருக்கே தீங்காய் முடியும்.

விளம்பரம் கண்டு மயங்குதலும் வேண்டா. 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003இல் செய்த திருத்தமும் பால்மாவு விளம்பரத்தையும் இலவச மாதிரி வழங்குவதையும் தடை செய்கின்றன. டப்பாவில் குழந்தைப் படமும் கூடாது. அங்ஙனமிருக்க, எவரேனும் இலவச டப்பாவை நீட்டினால் மறுத்துவிடுக.

6. காத்திராமல் மருத்துவரை நாடுக

பச்சை நிறப் பித்த வாந்தி, வாந்தியிலோ மலத்திலோ குருதி, முதல் இரு மாதங்களில் ஒவ்வொரு முறையும் பீறிட்டுப் பாயும் வாந்தி, வெளுத்த மலம், வயிறு உப்பி இறுகுதல், பல மணி நேரம் சிறுநீர் கழியாமை, உச்சிக்குழி உள்வாங்குதல், மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், எடை ஏறாமை. இவற்றுள் ஒன்று கண்டாலும் மாந்தம், உரம் என்று கைவைத்தியத்தில் பொழுது போக்குதல் ஆகாது.

மீள்பார்வை வினாக்கள்

1. கக்கும் குழந்தை நலமாக உள்ளதென்று எவற்றால் அறியலாம்?
2. மாவைக் கூட்டிக் கலப்பதாலும் குறைத்துக் கலப்பதாலும் வரும் தீமைகள் யாவை?
3. பால் சர்க்கரை செரியாமைக்கும் பால் புரத ஒவ்வாமைக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. ஒவ்வாமைக்கு ஆட்டுப்பால் ஏன் மாற்றாகாது?

இவற்றுக்கு விடை கூறத் தெரிந்த தாய் கடைக்காரரைக் கேட்டு டப்பா வாங்கமாட்டாள். குழந்தை குடித்த அளவு, கக்கிய நேரம், மலத்தின் தன்மை, எடை ஆகியவற்றை ஒரு வாரம் ஏட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுவாள். தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்ல இயலாத சேயின் பொருட்டுப் பேசக்கூடியது அவ்வேடே.