கன்னியா வெந்நீரும் தலையீட்டுப் பாறையும்

திருக்கோணமலையை அடுத்த கன்னியாவிலே ஏழு கிணறுகளிலும் நீராடி மீளும் மாணவர், "இதன்கீழ் எரிமலை உண்டோ?" என வினவுதல் வழக்கம். இராவணன் தாயின் ஈமக்கடனோடு அவற்றை இணைக்கும் ஐதிகம் ஒருபுறமிருக்க, மாணவப் பருவத்தில் யாமும் எரிமலை உண்டென்றே நம்பியிருந்தோம். அந்நம்பிக்கை பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

நிலத்தின் ஆழத்தே உருகிய பாறைக்குழம்பு, சூழவுள்ள பாறைகளிலும் அடர்த்தி குறைந்ததாதலின் மேலெழுகின்றது. மேற்பரப்பை எட்டாது, பிற பாறைகளினிடையே புகுந்து உறைவது தலையீட்டுத் தீப்பாறையாம். சுவர்போல் நிமிர்ந்து உறைந்தது குத்துத்தீப்பாறை. படைகளுக்கிடையே படுத்து உறைந்தது கிடைத்தீப்பாறை. மேலுள்ள பாறை போர்வைபோல் மூடுதலால் ஆழத்திலுள்ள குழம்பு மெல்லக் குளிரும். அதனாற் பளிங்குகள் பருக்கும். கருங்கல்லிலே குவாட்சு, பெல்சுபார், மைக்கா ஆகியவை வெறுங்கண்ணுக்குப் புலனாதல் இதனாலேயே. (நம் நாட்டில் வீடுகட்ட உடைக்கப்படும் 'கருங்கல்' பெரும்பாலும் உருமாறிய பாறையே என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.)

குளிரும் அக்காலமெல்லாம் பாறை ஓர் அடுப்பேயாகும். வெடிப்புக்களின் வழியே இறங்கும் மழைநீர் அதனருகே சூடேறி, வெந்நீராயும் ஆவியாயும் மீளும். இத்தாலியிலே இலாடறெல்லோ என்னுமிடத்தில் 1904ஆம் ஆண்டு அத்தகைய ஆவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகள் ஏற்றப்பட்டன. ஐசுலாந்தின் கிறப்பிளாவில் 2009இல் துளையிட்டோர், ஏறத்தாழ 2,100 மீற்றர் ஆழத்தில் உறையாத பாறைக்குழம்பையே எதிர்ப்பட்டனர்.

எனினும் அடுப்பு அணையாதிருப்பதில்லை. பெரும் பாறைத்திரளும் சில இலட்சம் ஆண்டுகளில், மிஞ்சினாற் சில பத்திலட்சம் ஆண்டுகளில், தன் பிறவி வெப்பத்தை இழந்துவிடும். அங்ஙனமாயின் இங்கிலாந்தின் கோண்வாலிலே, ஏறத்தாழ 28 கோடி ஆண்டு முதிர்ந்த கருங்கல்லுள் 5,275 மீற்றர் துளைத்து வெந்நீர் தேடியது எதற்கு? அக்கல்லிலே யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியன அழிந்து சிதைவதால் வெப்பம் இன்றும் பிறக்கின்றது. பழைய நெருப்பன்று அது. புதிது புதிதாகத் தோன்றும் சூடு.

இனிக் கன்னியாவுக்கு மீள்வோம். இலங்கையின் பெரும்பகுதி மிகத் தொன்மையான பளிங்குருப் பாறைகளாலானது. அண்மைக்கால எரிமலையோ, குளிராத தலையீட்டுப் பாறையோ இங்கில்லை. கண்டப் பாறைகளிற் பொதுவாக ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு 25 முதல் 30 பாகை செல்சியசு வரை வெப்பம் ஏறும். மழைநீர் ஆழ்ந்த வெடிப்புக்களுள் இறங்கி, அச்சூட்டையேற்று, ஆறுவதற்குமுன் விரைந்து மேலே வந்துவிடுகின்றது. கன்னியாவிலும் வெம்மை மிகுந்த மகாஓயா ஊற்றுக்கும் எரிமலை காரணமன்று.