சாவி தொலைந்த பழைய காருக்கு யாரைக் கூப்பிடுவது?

ஆடிப் பதினெட்டு அன்று தாராபுரத்தில் அமராவதி ஆற்றில் முங்கி எழுந்த மச்சானின் இடுப்பில் வேட்டி இருந்தது, மடிப்பில் செருகியிருந்த கார் சாவி இல்லை. 2009 மாடல் டீசல் கார். இன்னொரு சாவி எந்தக் காலத்திலோ தொலைந்து, ஒற்றைச் சாவியிலேயே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் டூப்ளிகேட் சாவி போடுகிறவரைக் கூட்டி வந்தோம். பூட்டைக் கழற்றிப் பார்த்து ஒரு மணி நேரத்தில் சாவி வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது, ஸ்டியரிங் விடுபட்டது, செல்ஃப் சுற்றியது. ஆனால் வண்டி பற்றவில்லை. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, கதவு தொறக்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்களே?"

"அதுல சிப் இருக்குதுங்க. நான் இரும்புக்குத்தானுங்க பொறுப்பு."

அவர் சொன்னதுதான் விஷயம். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவி என்பது இரண்டு பொருள். ஒன்று இரும்பு. மற்றது சாவித் தலைக்குள் இருக்கும் அரிசி மணி அல்லது பொரிகடலை அளவுச் சிப். அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்கு மின்சாரம் ஊட்டி எண்ணைக் கேட்கும். எண் பொருந்தாவிட்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம் டீசலையோ பெட்ரோலையோ விடாது. கதவு திறக்கும் ரிமோட் வேறு, இது வேறு. மாருதி இதற்கு ஐகேட்ஸ் என்று பெயர் வைத்தது. ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். அமெரிக்காவில் இது இல்லாமல் விற்ற கியா, ஹூண்டாய் கார்களைப் பையன்கள் யுஎஸ்பி ஒயர் முனையால் திருகி ஓட்டிப்போன கூத்து 2022-ல் ஊரறிந்தது. ஆக, எரிச்சலூட்டினாலும் வேண்டிய சாமான்தான்.

ஒரு சாவியாவது கையில் இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. நல்ல கடையில் சிப்பைப் பிரதி எடுத்துவிடுவார்கள், அல்லது கருவியை மாட்டிப் புதிய சாவியைச் சேர்ப்பார்கள். உடைந்த சாவிக்குக் கூடு மாற்றியதிலிருந்து வண்டி எடுக்கவில்லை என்றால் புதுச் சாவிக்கு அலைய வேண்டாம். பழைய கூட்டைக் குப்பையில் தேடுங்கள். சிப் அதற்குள்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாச் சாவியும் போய்விட்டால் வழி மூன்று.

முதலாவது கம்பெனி. ஆர்.சி., ஆதார், பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது கேட்பார்கள். வண்டி வாங்கும்போது சாவிக்கொத்தில் தொங்கிய எண் பொறித்த சிறு வில்லை பத்திரமாக இருந்தால் வேலை சுலபம். புது வண்டிக்கு நானே இதைத்தான் சொல்வேன். பதினைந்து வயது வண்டிக்கு யோசிக்க வேண்டும்: சாவி வரவழைக்க நாளாகும், ஸ்டாக் இல்லையென்றால் பூட்டு செட்டோடு இம்மொபிலைசரையும் மாற்றச் சொல்வார்கள். நாங்கள் கேட்ட ஒரு சர்வீஸ் சென்டரில் அதைத்தான் சொன்னார்கள். போதாததற்கு, தாராபுரத்திலிருந்து திருப்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர் வண்டியை ஏற்றிப்போகும் செலவு வேறு.

இரண்டாவது, கருவியோடு வண்டி நிற்கும் இடத்துக்கே வருகிற சாவி புரோகிராமர். பழைய காருக்கு என் ஓட்டு இவருக்குத்தான். ஆனால் போனில் "எவ்வளவு ஆகும்" என்று தொடங்காதீர்கள். மாடல், வருடம், டீசலா பெட்ரோலா என்று சொல்லிவிட்டு, "எல்லாச் சாவியும் போச்சு, இதே மாடலில் செய்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். சில வண்டிகளுக்கு ஸ்டியரிங் கீழுள்ள சாக்கெட்டில் மாட்டினாலே போதும், சிலவற்றுக்கு ரகசிய எண் (PIN) வேண்டும், இன்னும் சிலவற்றுக்கு இசிஎம்மைக் கழற்றி உள்ளே இருக்கும் நினைவகச் சில்லைப் படிக்க வேண்டும். பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். எழுதும் நடுவில் வோல்டேஜ் இறங்கினால் இசிஎம்மே கெட்டுப்போகலாம். பழைய சாவிகளின் பதிவை அழிக்கச் சொல்லுங்கள். அழித்துவிட்டால், ஆற்றில் போனதை யாராவது கண்டெடுத்தாலும் கதவு திறக்கலாம், எஞ்சின் கிளம்பாது. எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பல வண்டிகளில் கருவியே காட்டும். அதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

மூன்றாவதாக, இம்மொபிலைசரையே நீக்கிவிடுகிறேன் என்பார்கள். மலிவு, உடனே முடியும். எனக்குப் பிடிக்காது. அப்புறம் அந்தக் காருக்கு டூப்ளிகேட் சாவிக்காரர் வெட்டின இரும்பே போதும். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் கடைகளில் இசிஎம், இம்மொபிலைசர், சாவி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய செட்டாக வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. இசிஎம் ஏற்கெனவே போன வண்டிக்கு அது சரி. சாவிக்காக மட்டும் வேண்டாம்.

எந்த வழியானாலும் சி.எஸ்.ஆர். வாங்கிவிடுங்கள். நாளைக்கு வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இரண்டு சாவியையும்தான்.

எங்களுக்கு இரண்டாவது வழியே வாய்த்தது. திருப்பூரிலிருந்து பையன் ஒருவன் பைக்கில் வந்து, புளியமர நிழலில் லேப்டாப்பை பானட்மேல் வைத்து, ஒன்றரை மணி நேரத்தில் முடித்தான். சாவி இரண்டாகவே போட்டோம். ஒன்று மச்சானிடம். மற்றது அக்காவின் அஞ்சறைப்பெட்டிக்குக் கீழே. மச்சானுக்கு அது தெரியாது.