மூன்று நாள் பயிற்சி முடிந்துவிட்டது, பிறகு?

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. அங்கன்வாடி டீச்சர்களுக்கான ‘போஷன் பி படாய் பி’ (ஊட்டச்சத்தும் படிப்பும்) பயிற்சிக்கு மூன்று நாள் போய்வந்த கதையை நீ போனில் சொன்னதிலிருந்தே எழுத நினைத்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது, மற்றபடி தெரிந்ததையே சொன்னார்கள் என்றாய்.

உன் சலிப்பில் நியாயம் இருக்கிறது. 2023-ல் வந்த அந்தத் திட்டத்தின் ஏற்பாடு அப்படி. முதலில் அதிகாரிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி. பிறகு அவர்கள் வந்து உங்களுக்கு மூன்று நாள் நடத்த வேண்டும். மேலே செய்துகாட்டியது கைமாறிக் கீழே வருவதற்குள் நீர்மோராகிவிடுகிறது. சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் சொல்கிறேன், இது உன் மாவட்டத்தில் மட்டும் நடப்பதல்ல. அதற்காக அடுத்த பயிற்சிக்கு மட்டம் போட்டுவிடாதே. போ. ஆனால் அங்கிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு வந்து, மறுநாளே உன் பிள்ளைகளிடம் செய்து பார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து அலமாரியில் வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எண்ணுவதையே எடுத்துக்கொள். நாலு வயதுப் பிள்ளை முன்னால் ஆறு புளியங்கொட்டை வைத்து எண்ணச் சொல். வாய் பத்து வரைக்கும் கடகடவென்று ஓடும், விரல் நாலாவது கொட்டையிலேயே நிற்கும். பாட்டாக ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. இன்னொரு பிள்ளை ஆறையும் சரியாகத் தொட்டு எண்ணிவிடும். “மொத்தம் எத்தனை கண்ணு?” என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டும் ‘எண்ணத் தெரியாத’ பிள்ளைகள்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது. முதல் பிள்ளையிடம் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு போடும் வேலையைக் கொடு, ஆளுக்கு ஒன்றாக. இரண்டாவதிடம் “எனக்கு மூணு கொட்டை எடுத்துக் கொடு” என்று கேள். கை நிறைய அள்ளிக் கொடுத்தால் திட்டாதே, சேர்ந்து எண்ணு.

இதையெல்லாம் நோட்டில் எழுது. ‘கணக்கில் மந்தம்’ என்று எழுதாதே, அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. தேதி போட்டு, ‘ஆறு கொட்டை, வாய் பத்து, விரல் நாலு’ என்று எழுது. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை போதும்.

நேரம் எங்கே அத்தை என்பாய். எடை, உயரம், சத்துமாவு, வீட்டுப் பார்வை, போஷன் டிராக்கர் ஆப், இப்போது முகப்பதிவு வேறு. சிக்னல் தேடி நீ வாசலில் நிற்கும்போது உள்ளே பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கும். நம் தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அதைச் செய்தவர்களில் ஒருவர். சில மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் வேலைக்கு இன்னொரு ஆளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் முன்னேறினார்கள், வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும் குறைந்தார்கள். டீச்சருக்குத் திறமை போதாது என்று எடுத்ததற்கெல்லாம் பயிற்சி வைப்பவர்கள் இதை ஒரு தடவை படிக்கலாம். இன்னொரு ஆள் வரும்வரை நீ செய்யக்கூடியது, காலையில் முக்கால் மணி நேரம் போனைத் தொடாமல் இருப்பது. ஆயாவிடமும் சொல்லி வை.

செக்டர் மீட்டிங்கில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடாதே. பக்கத்து ஊர் டீச்சர் இரண்டு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு நோட்டைக் காட்டு. பேசவே வராத பிள்ளையை அவர்களில் ஒருத்தி எப்படியோ பேச வைத்திருப்பாள். அது எந்தக் கையேட்டிலும் இருக்காது.

பெரியவர்களும் இப்படிச் செய்து பார்த்துத்தான் கற்றார்கள். வக்கீலாக இருந்த கிஜுபாய் பதேகா 1920-ல் பாவ்நகரில் பாலர் பள்ளி தொடங்கினார். அவரோடு வேலை பார்த்த தாராபாய் மோடக், 1945-ல் மகாராஷ்டிரத்துப் போர்டியில் ஏழைகளின் குடியிருப்புக்கே போய், முற்றத்தில் பிள்ளைகளை உட்காரவைத்தார். மாண்டிசோரி அம்மையாரின் முறை அவருக்குத் தெரியும். அதற்கு வேண்டிய சாமான்களின் விலை கட்டுப்படியாகாததால் அக்கம்பக்கத்தில் கிடைப்பதை வைத்தே சமாளித்தார். உன் மையத்துக்கு விளையாட்டுச் சாமான் வரவில்லை என்று நீ மனு எழுதியது சரிதான், வருகிறவரைக்கும் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை.

கடைசியாகச் சான்றிதழ் விஷயம். 2020 தேசியக் கல்விக் கொள்கையில் பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு வருட டிப்ளமோ என்று இருக்கிறது. நீ பட்டதாரி. உங்கள் வட்டாரத்தில் எப்போது நடத்தினாலும் பெயரைக் கொடு. படிப்பு சுமாராக இருந்தாலும், மேற்கொண்டு எதற்கும் விண்ணப்பிக்கும்போது கையில் காகிதம் இருப்பது நல்லது.

பொங்கலுக்கு வரும்போது நோட்டைக் கொண்டுவா, சேர்ந்து பார்ப்போம். உன் அப்பனைச் சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல், ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான்.

அன்புடன்,
அத்தை