முட்டுக்கட்டையும் காக்கும்

கற்றல் நோக்கங்கள்
• சரிவான இடத்தில் இருசக்கர வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தும் முறையை அறிதல்
• ஒரு சொல் நேர்ப்பொருளிலும் வழக்குப் பொருளிலும் வருவதை உணர்தல்
• ஒரு செயல்முறையை வரிசை பிறழாமல் கூறவும் எழுதவும் பழகுதல்

நுழையும்முன்
ஓடும் வண்டியால் விபத்து நேரும் என்பதை அனைவரும் அறிவர். நிற்கும் வண்டியாலும் விபத்து நேரக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சமவெளியில் வாழ்ந்து பழகிய ஒரு தமிழ்க் குடும்பம் மலைநகர் ஒன்றில் குடியேறிய முதல் வாரத்திலேயே அந்த உண்மையைக் கற்றுக்கொண்டது. அவர்களுக்கு அதைக் கற்றுத்தந்தது ஒரு சிறிய மரத்துண்டு.

1. காலணி நசுங்கிய மாலை

சென்னையில் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய தந்தைக்குச் சிம்லாவுக்குப் பணிமாற்றம் கிடைத்தது. சிம்லா, இமாசலப் பிரதேசத்தின் தலைநகர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், மலைமுகடுகளின்மீது அமைந்த நகரம். அங்கே சமதளமான தெருவைக் காண்பது அரிது. குடும்பம் குடியேறிய வீடும் சரிவான சாலையின் ஓரத்திலேயே இருந்தது.

ஒருநாள் மாலை, அலுவலகத்திலிருந்து திரும்பிய தந்தை, சென்னையில் செய்தது போலவே வண்டியை வாசலில் நிறுத்தினார். முன்சக்கரம் பள்ளத்தை நோக்கி இருந்தது. சைடு ஸ்டாண்டு எனப்படும் பக்கத்தாங்கியைக் காலால் தள்ளிவிட்டு, வண்டியை நியூட்ரலிலேயே விட்டு உள்ளே சென்றார். வாசற்படியில் அமர்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பியை அம்மா தேநீர் அருந்த அழைத்தார். அவன் காலணிகளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து ஓடினான்.

அடுத்த நொடியில் பெரிய ஓசை எழுந்தது. அனைவரும் வெளியே ஓடி வந்தனர். வண்டி முன்னோக்கி நகர்ந்து, தாங்கி மடங்கி, இடப்பக்கமாக வாசற்படியின்மீது சாய்ந்து கிடந்தது. அதன் கைப்பிடிக்கு அடியில் தம்பியின் காலணிகளுள் ஒன்று நசுங்கியிருந்தது. சற்றுமுன் அவன் அமர்ந்திருந்த இடம் அது. யாரும் சிறிது நேரம் பேசவில்லை. அம்மா தம்பியின் தோளை இறுகப் பற்றிக்கொண்டார்.

2. பக்கத்து வீட்டுப் பெரியவர்

ஓசை கேட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். மலைப்பாதைகளில் பல ஆண்டுகள் சரக்குந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். குழந்தைகள் அவரைத் ‘தாதாஜி’ என்று அழைப்பர். தந்தையும் அவரும் சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினர். பிறகு அவர் தம் வீட்டிற்குச் சென்று, ஆப்பு வடிவில் செதுக்கிய தேவதாரு மரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் ஒரு முனை மெலிந்தும் மறுமுனை தடித்தும் இருந்தது. தடித்த முனையில் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது.

அவர் வண்டியை மேட்டை நோக்கித் திருப்பச் சொன்னார். முதல் கியரில் இட்டுத் தாங்கியில் நிறுத்தியதும், பின்சக்கரத்தின் பின்னால் அந்தக் கட்டையை வைத்துக் காலால் மெல்லத் தள்ளினார். கட்டையின் மெலிந்த முனை சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே இறுகப் பொருந்தியது. “இப்போது தள்ளிப் பாருங்கள்” என்று இந்தியில் கூறினார். தந்தை தள்ளினார். வண்டி அசையவில்லை.

“அப்பா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?” என்று அக்கா கேட்டாள்.

தந்தை யோசித்தார். அம்மாவே விடை கூறினார்: “முட்டுக்கட்டை. எங்கள் ஊர்த் தேருக்கு இதைத்தான் போடுவார்கள்.”

3. சரிவு என்ன செய்கிறது?

வண்டி ஏன் தானாக நகர்ந்தது என்பதைத் தந்தை அன்றிரவு தாளில் வரைந்து காட்டினார்.

சமதளத்தில் வண்டியின் எடை முழுவதும் நேர்க்கீழாகத் தரையை அழுத்துகிறது. சரிவிலோ, அந்த எடையின் ஒரு பங்கு வண்டியைப் பள்ளத்தை நோக்கி இழுக்கிறது. 10 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் இறங்கும் சாலையில், அந்த இழுவை வண்டியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 190 கிலோகிராம் எடையுள்ள வண்டி என்றால், ஏறத்தாழ 19 கிலோகிராம் எடைக்கு இணையான விசை அதனை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும்.

பக்கத்தாங்கியின் அமைப்பையும் அறிய வேண்டும். அது பின்னாலிருந்து முன்னோக்கி விரிவது. முன்னாலிருந்து பின்னோக்கி மடங்குவது. வண்டி பள்ளத்தை நோக்கி நின்றால் முன்னே உருளும். தாங்கியின் அடி தரையில் பதிந்தபடி நிற்க, தாங்கி பின்னோக்கி மடங்கிவிடும். வண்டி மேட்டை நோக்கி நின்றால், பின்னே உருள முயலும்போது தாங்கி தன் தடுப்பில் மேலும் இறுகும். ஒரே தாங்கி, வண்டி நிற்கும் திசைக்கேற்பக் காப்பாகவும் அமைகிறது, ஆபத்தாகவும் முடிகிறது.

நடுத்தாங்கி சமதளத்திற்கே ஏற்றது. சரிவில், பள்ளத்தை நோக்கி நிற்கும் வண்டி அதிலிருந்து நழுவி இறங்கிவிடக்கூடும்.

கியரும் உதவி செய்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு முதல் கியரில் விட்டால், சக்கரம் சுழல வேண்டுமாயின் இயந்திரத்தையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். ஆகவே சக்கரம் எளிதில் உருளாது. கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டர்களில் இந்தக் காப்பு இல்லை. இயந்திரம் நின்றதும் அவற்றின் பின்சக்கரம் தடையின்றி உருளும். அத்தகைய வண்டிகளுக்குப் பிரேக் பூட்டு இருந்தால் அதனைப் பயன்படுத்த வேண்டும். முட்டுக்கட்டை மிகவும் இன்றியமையாதது.

4. நிறுத்தும் முறை

(இச்செயல்களைப் பெரியவர்களே செய்ய வேண்டும். சிறுவர்கள் வண்டி சாயக்கூடிய பக்கத்தில் நிற்றல் கூடாது.)

1. இயன்றவரை சமமான, உறுதியான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
2. சரிவில் நிறுத்த நேர்ந்தால், வண்டியின் முன்பக்கம் மேட்டை நோக்கி இருக்க வேண்டும்.
3. பிரேக்கைப் பிடித்தபடி இயந்திரத்தை நிறுத்தி, முதல் கியரில் இட வேண்டும். பிறகு பிரேக்கை மெல்ல விட்டு, வண்டி கியரில் பற்றி நிற்கிறதா எனப் பார்க்க வேண்டும்.
4. பக்கத்தாங்கியை இறுதிவரை விரித்து, வண்டியை அதன்மீது மெல்லச் சாய்க்க வேண்டும். மழையால் இளகிய மண்ணிலோ, வெயிலில் உருகிய தாரிலோ தாங்கி புதைந்துவிடும். அங்கே தட்டையான பலகைத் துண்டொன்றைத் தாங்கியின் அடியில் இட வேண்டும்.
5. கைப்பிடியை இடப்பக்கம் முழுமையாகத் திருப்பிப் பூட்ட வேண்டும்.
6. பள்ளம் இருக்கும் பக்கத்தில், சக்கரத்தை ஒட்டினாற்போல முட்டுக்கட்டையை வைக்க வேண்டும். சக்கரத்தின் அடியில் கையை நீட்டுதல் கூடாது. காலால் தள்ளிப் பொருத்த வேண்டும்.
7. வண்டியை மெல்ல அசைத்துப் பார்த்த பின்னரே அவ்விடத்தை விட்டு அகல வேண்டும்.

கட்டையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். உருண்டைக்கல் சக்கரத்தோடு தானும் உருளும். மிகச் சிறிய கல்லின்மீது சக்கரம் ஏறி இறங்கிவிடும். செங்கல் உடைந்துவிடலாம். அடிப்பகுதி தட்டையாகவும் சொரசொரப்பாகவும் உள்ள ஆப்பு வடிவக் கட்டையே சிறந்தது. அதன் சாய்ந்த பரப்பில் சக்கரம் அழுந்தும்போது கட்டையும் தரையில் அழுந்துகிறது. அதனால் அது எளிதில் நழுவுவதில்லை. வன்மரம், ரப்பர், இரும்பு ஆகியவற்றால் இக்கட்டைகள் செய்யப்படுகின்றன. ஆனால் பனி உறைந்த தரையில் கட்டையே வழுக்கிச் செல்லக்கூடும். எனவே குளிர்காலத்தில் பனியை அகற்றிவிட்டே அதனை வைக்க வேண்டும்.

வண்டியைச் சரக்குந்தில் ஏற்றிச் செல்லும்போது வேறுவகைத் தடுப்பு பயன்படுகிறது. முன்சக்கரத்தை இருபுறமும் பற்றிக்கொள்ளும் தொட்டில் போன்ற இரும்புச் சட்டம் அது. அது சக்கரம் திரும்பாமல் காக்கும். எனினும் அது மட்டும் போதாது. வண்டியை இருபக்கமும் உறுதியான பட்டைகளால் இழுத்துக் கட்டுதல் வேண்டும்.

5. தேரும் தொடர்வண்டியும்

அம்மா பிறந்த ஊர் திருவாரூர். அங்குள்ள தியாகராசர் கோயிலின் ஆழித்தேர், அலங்கரிக்கப்பட்ட நிலையில் ஏறத்தாழ 96 அடி உயரம் உடையது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரங்களின் அடியில் முட்டுக்கட்டை இடுவர். எந்தக் கணத்தில், எந்தக் கோணத்தில் கட்டையை இட வேண்டும் என்பது பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. வடம் பிடிப்போரை ஊரே காணும். சக்கரத்தின் அருகில் குனிந்து கட்டை இடுவோரைக் கூர்ந்து நோக்குவோரே காண்பர்.

அம்மா இதனைச் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டாள்: “நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே என்கிறார்களே, அம்மா! அது தவறான பொருள்தானே?”

“ஓடவேண்டிய தேரைத் தடுத்தால் அது தடை. நிற்கவேண்டிய தேரைத் தடுத்தால் அது காப்பு. கட்டை ஒன்றுதான், இடும் நேரம்தான் வேறு” என்றார் அம்மா.

சிம்லாவிலேயே இதற்குச் சான்று உண்டு. 1903 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கால்கா – சிம்லா மலை இரயில்பாதையில், 33 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றங்கள் உள்ளன. இரயில் நிலையங்களில் நிறுத்தி வைக்கப்படும் பெட்டிகள் உருண்டுவிடாமல் இருக்கச் சக்கரங்களின் அடியில் மர ஆப்புகள் இடுவது இந்திய இரயில்வேயின் வழக்கம். விமான நிலையத்தில் நிற்கும் விமானத்தின் சக்கரங்களுக்கும் தடுப்புக்கட்டை உண்டு. வானில் பறப்பதும் தரையில் நிற்கும்போது ஒரு கட்டையை நம்பியே நிற்கிறது.

6. கயிறு ஏன்?

மறுநாள் தம்பி, கட்டையில் கயிறு எதற்கு என்று தாதாஜியிடம் கேட்டான். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு தம் இளமையில் நடந்ததைக் கூறினார்.

ஒரு நள்ளிரவில் அவருடைய சரக்குந்து மலையேற்றத்தில் பழுதாகி நின்றது. உதவியாளர் பெரிய கல்லொன்றைப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பழுது நீங்கியதும் இருவரும் விரைந்து புறப்பட்டனர். கல் சாலையின் நடுவிலேயே கிடந்தது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் இருளில் அதன்மீது மோதியது. ஓட்டிவந்த இளைஞரின் கால் முறிந்தது. மறுநாள் அதே வழியில் திரும்பியபோதுதான் அவர் அச்செய்தியை அறிந்தார்.

“என் வண்டியைக் காத்த கல், இன்னொருவரை வீழ்த்தியது. அன்றுமுதல் கயிறு கட்டாத கட்டையை நான் வைப்பதில்லை. கயிற்றின் மறுமுனை வண்டியில் இருந்தால், கட்டையை மறந்துவிட்டுப் போக முடியாது அல்லவா?” என்றார்.

புறப்படும்போது செய்ய வேண்டியதையும் அவர் காட்டினார். முதலில் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகே கயிற்றை இழுத்துக் கட்டையை எடுக்க வேண்டும். கயிற்றைச் சுற்றி, கட்டையோடு பையில் வைத்த பின்னரே வண்டியைக் கிளப்ப வேண்டும். தொங்கும் கயிறு சக்கரத்தில் சிக்கினால் அதுவும் ஆபத்தே.

அந்த வார இறுதியில் தந்தை ஒரு புதிய கட்டையைச் செய்தார். இருளிலும் தெரியும்படி அக்கா அதற்கு மஞ்சள் வண்ணம் பூசினாள். தம்பி கயிற்றைக் கட்டினான். மாலையில் தந்தையோடு கடைக்குச் செல்லும் வழியில், யாரோ விட்டுச்சென்ற கல்லொன்று வளைவில் கிடந்தது. வண்டிகள் வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, தந்தை அதனை எடுத்துச் சாலையோரச் சுவரின் அருகில் வைத்தார். தம்பி அந்தக் கல்லையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

சொல்லும் பொருளும்
முட்டுக்கட்டை – சக்கரம் உருளாமல் தடுக்கும் கட்டை, தடை
ஆப்பு – ஒரு முனை மெலிந்து மறுமுனை தடித்த துண்டு
அண்டை கொடுத்தல் – சாயாமலும் நகராமலும் இருக்க முட்டு வைத்தல்
வடம் – தேரை இழுக்கும் பெருங்கயிறு
முகடு – மலையின் உச்சிப்பகுதி
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. மேட்டை நோக்கி நிற்கும் வண்டிக்கு முட்டுக்கட்டையை வைக்க வேண்டிய இடம் ________.
(முன்சக்கரத்தின் முன் / பின்சக்கரத்தின் பின் / தாங்கியின் அடியில்)
2. ‘வடம் பிடிப்போர்’ என்னும் சொல் குறிப்பது ________.
(தேர் இழுப்போரை / கட்டை இடுவோரை / தேர் செய்வோரை)

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. பள்ளத்தை நோக்கி நிறுத்திய வண்டியின் பக்கத்தாங்கி ஏன் மடங்கியது?
2. உருண்டைக்கல் ஏன் முட்டுக்கட்டையாகப் பயன்படாது?
3. 120 கிலோகிராம் எடையுள்ள வண்டி, 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் நின்றால், அதனை இழுக்கும் விசை ஏறத்தாழ எத்தனை கிலோகிராம் எடைக்கு இணையானது?

இ. ஐந்து தொடர்களில் விடையளிக்க.
1. “கட்டை ஒன்றுதான், இடும் நேரம்தான் வேறு” – அம்மாவின் கூற்றை விளக்குக.
2. தாதாஜி கட்டையில் கயிறு கட்டியதன் காரணத்தை உம் சொற்களில் எழுதுக.

ஈ. மொழியோடு விளையாடு
‘முட்டுக்கட்டை’ என்னும் சொல்லை நேர்ப்பொருளில் ஒரு தொடரிலும், தடை என்னும் பொருளில் மற்றொரு தொடரிலும் அமைத்து எழுதுக.

உ. செயல்பாடு
1. பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி உதவுவதை உவமையாகக் கூறும் திருக்குறளைக் கண்டறிந்து எழுதுக. அக்கருத்து இப்பாடத்தோடு எவ்வாறு பொருந்துகிறது எனக் கலந்துரையாடுக.
2. சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டையை நீவிர் வாழும் ஊரின் மொழியில் எவ்வாறு அழைக்கின்றனர்? பெற்றோரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி வருக.