பட்டத்திற்குப் பின் முதல் ஓராண்டு

பட்டம் முடித்த நம் பிள்ளைகள் வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் எதிர்கொள்ளும் கேள்வி: "முன் அனுபவம் உண்டா?" வேலையே கிடைக்காமல் அனுபவம் எப்படி வரும்?

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதற்கு ஒரு வழி தருகிறது. பட்டதாரிகள் ஒரு நிறுவனத்தில் ஓராண்டு பயிற்சி பெறலாம். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. முடிவில் மத்திய அரசின் சான்றிதழ் கிடைக்கும். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆனால், அனுபவம் கையில் இருக்கும். உதவித்தொகை குறைவு என்று நாம் தயங்குகிறோம். வளைகுடா விசாவுக்குக் கடன் வாங்க மட்டும் தயங்குவதில்லை. வீட்டில் சும்மா கழியும் ஓராண்டு, அடுத்த நேர்காணலில் இன்னொரு கேள்வியாக நிற்கும். பெண் பிள்ளைகளுக்கும் இதே வாய்ப்பு உண்டு. பெற்றோர்களே, அவர்களையும் அனுப்பி வையுங்கள்.