இயங்கும் விலங்கும் பென்சில் கோடும்: குதிரைப் பாய்ச்சலை முன்வைத்து

முன்னுரை

ஓடும் விலங்கை வரைதல் என்பது கணந்தோறும் மாறும் உருவை அசையாத தாளில் நிறுத்தும் முயற்சியாகும். ஒரு கணத்தைப் பிழையின்றிப் பதிவதே இயக்கத்தைப் பதிவதாகுமா என்னும் வினாவை, பாயும் குதிரையின் உருவத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபும் ஒளிப்படச் சான்றும்

பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் தீட்டிய எப்சம் பந்தய ஓவியத்தில், முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னும் நீண்டிருக்கக் குதிரைகள் தரை தொடாமல் பறக்கின்றன. 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் ஒளிப்படங்கள் இம்மரபை மறுத்தன. பாயும் குதிரையின் நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுவது உண்மையே. ஆயின், அக்கணத்தில் கால்கள் வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும். கால்கள் நீண்டபடி அந்தரத்தில் செல்லும் நிலை வேட்டைநாய்க்கும் சிவிங்கிக்கும் உரியது, குதிரைக்கு உரியதன்று. மைபிரிட்ஜின் படங்களைப் பார்த்து டேகா குதிரைகளை வரைந்து பயின்றார்.

ரோடானின் வாதம்

1911இல் வெளிவந்த உரையாடல் நூலில் சிற்பி ரோடான் ஜெரிக்கோவின் பக்கம் நின்றார். பின்கால் உந்துவதும், உடல் நீள்வதும், முன்கால் தரையை நாடுவதும் அடுத்தடுத்து நிகழ்பவை. ஓவியர் அவற்றை ஓருருவில் இணைக்கிறார். பார்ப்பவர் கண் அவற்றை வரிசையாகக் கடக்கும்போது ஓட்டம் புலப்படுகிறது. ஒளிப்படமோ காலத்தையே நிறுத்திவிடுகிறது என்பது அவர் கருத்து.

பென்சில் கோட்டின் இயல்பு

இவ்விரு நிலைகளையும் இணைக்கும் வாய்ப்பு பென்சிலுக்கு உண்டு. 1795இல் கோந்தே காரீயகத் தூளுடன் களிமண் கலந்து சுட்ட முறையால் பென்சில் முனையின் கடினத்தை வேண்டியவாறு அமைக்க முடிந்தது. வரைபவர் முதலில் முதுகெலும்பின் வளைவை ஒரே வீச்சில் இடுகிறார். பின்னர்த் தோளையும் இடுப்பையும் பொருத்துகிறார். எடை தாங்கும் காலுக்கு அழுத்தமான கோடும், காற்றில் வீசும் காலுக்கு மெலிந்த, முற்றுப்பெறாத கோடும் பொருந்தும். திருத்திய பழைய கோடுகளை அழிக்காது விடின், முந்தைய கணத்தின் தடமும் தாளில் எஞ்சும். ஓட்டத்தில் ஒரே நிலை மீண்டும் மீண்டும் வருவதால், பல தாள்களில் ஒருங்கே தொடங்கி, அந்நிலை திரும்பும்தோறும் உரிய தாளில் கோடு சேர்ப்பது பயன்தரும்.

முடிவுரை

எந்தக் கால் எப்போது ஊன்றும் என்பதை ஒளிப்படம் கற்பிக்கிறது. ஒரு நிலை மற்றொன்றாக மாறும் போக்கைக் கோடு காட்டுகிறது. முன்னதை அறியாத கோடு குதிரைக்கு நாயின் பாய்ச்சலை அளித்துவிடும். பின்னதை மறந்த கோடு ஓடும் குதிரையை உறையச் செய்துவிடும். உடலியக்க அறிவை அடித்தளமாகக் கொண்டு, கணங்களைத் தெரிந்து இணைப்பதே இயங்கும் விலங்கை வரையும் கலை என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.